ஷெட்டை விட்டுக் கிளம்பும் முன்

அட்டுவம்பட்டி தெரியும்தானே? கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர். மழைக்காலத்துச் சாயங்காலம் ஒன்றில் அந்த ரோட்டில் ஒரு பழைய அம்பாசிடரை ஓட்டிக்கிட்டுப் போறீங்கன்னு வெச்சுக்கோங்க. எதிரே மூடுபனி. முன்னால் போகிற கேரட் லாரியின் டயர் வாரி அடிக்கிற சேறு கண்ணாடி முழுக்க. வைப்பரைப் போட்டால் சேறு பரவுகிறதே தவிர போகவில்லை. கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கிற ஸ்விட்சை அழுத்துறீங்க. ஒண்ணும் வரலை.

அந்த வாஷர் பம்ப் ரொம்பச் சாதாரணமான சாமான். ஒரு பிளாஸ்டிக் பாட்டில், விரல் கனத்துக்கு ஒரு மோட்டார், அதன் நுனியில் ஒரு குட்டி இம்பெல்லர், ரெண்டு ரப்பர் டியூப், ரெண்டு நாசில். அவ்வளவுதான். எஞ்சினுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது செத்துப் போனாலும் வண்டி ஓடும். அதனாலேயே அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பக்கத்து சீட்டில் வண்டி தெரிந்த ஆள் யாராவது இருந்தால் முதலில் கேட்கும் கேள்வி: ஸ்விட்சை அழுத்தினால் சத்தம் வருதா? வந்தால் கரன்ட் சரி, கோளாறு தண்ணீர் போகும் வழியில். பாட்டிலில் தண்ணீர் இருக்கான்னு பாருங்க (சிரிக்காதீங்க, பாதி கேஸ் இதுதான்). அப்புறம் டியூபை நாசில் பக்கம் கழற்றிவிட்டு மறுபடி அழுத்துங்க. டியூபில் தண்ணீர் பீய்ச்சினால் நாசில் அடைப்பு. உப்புத் தண்ணீர் ஊற்றியதால் சுண்ணாம்பு படிந்திருக்கும், ஒரு மெல்லிய ஊசியால் குத்தினால் போய்விடும். டியூபிலேயே வரவில்லையென்றால் பாட்டிலுக்குள் இருக்கும் வடிகட்டியில் பாசி, அல்லது டியூப் எங்கேயோ வெடித்திருக்கிறது, அல்லது தண்ணீர் பின்னால் இறங்காமல் தடுக்கிற சின்ன வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மார்கழியில் கொடைக்கானல் என்றால் இன்னொரு சாத்தியமும் உண்டு: விடியற்காலையில் நாசில் நுனியில் தண்ணீர் உறைந்திருக்கலாம்.

சத்தமே வரவில்லை என்றால் கதை வேறு. பியூஸ் பாருங்க. அது சரியென்றால் பம்ப் கனெக்டரில் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்க. விளக்கு எரிந்தால் மோட்டார் போச்சு, அல்லது இம்பெல்லர் சிக்கிக் கிடக்கிறது. எரியவில்லை என்றால் ஸ்விட்ச், ஒயர், அல்லது எர்த். பழைய வண்டிகளில் பத்துக்கு ஆறு முறை எர்த்தான். பாடியில் துருப்பிடித்த ஒரு ஸ்க்ரூவை நம்பித்தான் அந்தச் சுற்று நிற்கிறது. இன்னொரு வேடிக்கை: பழைய பிரிட்டிஷ் கார்கள் பல, பாசிட்டிவ் எர்த் கொண்டவை. அதில் புது பம்பை நெகட்டிவ் எர்த் என்று நினைத்து மாட்டிவிட்டால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். சத்தம் வரும், தண்ணீரும் கொஞ்சம் சிணுங்கிக்கொண்டு வரும், ஆனால் கண்ணாடியை எட்டாது. பம்ப் வீக் என்று சொல்லி இன்னொரு பம்ப் வாங்கிப் போடுவார்கள். அதுவும் வீக்காகத்தான் இருக்கும்.

சரி, இப்போ ஒண்ணு யோசிங்க. இந்தப் பழுது எப்போ நடந்தது? அட்டுவம்பட்டி ரோட்டிலா? இல்லை. மூணு மாசம் முன்னாடியே நடந்துவிட்டது. கீழே, சமவெளியில், வெயில் காலத்தில், ஷெட்டில் நின்ற வண்டியில் யாரும் அந்த ஸ்விட்சை அழுத்திப் பார்க்கவில்லை. மலையில் நடந்தது பழுது வெளியே தெரிந்தது மட்டும்தான்.

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டு அதன் மேலேயே ஒரு வாழ்க்கையைக் கட்டியவர் ஒருத்தர் நம்ம ஊரில் இருந்தார். அவர் உயிர் பிரிந்ததும் இதே கொடைக்கானலில்தான், 1955 ஏப்ரல் 28 அன்று. அவர் பெயரின் மூன்று எழுத்துகளை நீங்க தினமும் ஏதாவது ஒரு டூவீலரில் படிக்கிறீங்க. டி.வி.எஸ். திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் அய்யங்கார்.

1877 மார்ச் 22-ல் பிறந்தார். திருக்குறுங்குடி இப்போதைய திருநெல்வேலி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் நம்பி கோயில் இருக்கிற ஊர். அந்தக் காலத்தில் அந்த மாதிரி வீட்டில் பிறந்த பையனுக்கு வாழ்க்கை ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கும்: படிப்பு, சர்க்கார் உத்தியோகம் அல்லது வக்கீல் கோட்டு, பென்ஷன். இவரும் அதே வரிசையில்தான் நின்றார். வக்கீல் தொழிலைத் தொட்டுப் பார்த்தார். ரயில்வேயில் வேலை பார்த்தார். அப்புறம் வங்கி. மூன்றுமே அன்றைக்கு ஊர் மெச்சுகிற வேலைகள். மூன்றையும் விட்டார்.

1911-ல் சொந்தத் தொழில் தொடங்கியபோது வயது 34. கேம்பஸ் பிளேஸ்மென்ட்ல கிடைக்காம ஸ்டார்ட்அப் போன கதை இல்லை இது. கையில் இருந்த நிச்சயமான சம்பளத்தை, குடும்பம் குழந்தைகள் ஆன பிறகு, விட்டுவிட்டு வந்த கதை. அதுவும் எதற்காக? மோட்டார் வண்டிக்காக. அன்றைய மதுரையில் பெரும்பாலான ஜனங்களுக்கு மோட்டார் வண்டி என்பது புகை கக்குகிற வேடிக்கைப் பொருள். அடுத்த வருஷம், 1912-ல், மதுரையில் பஸ் ஓட ஆரம்பித்தது.

1912-ல் பஸ் ஓட்டுவது என்றால் என்னன்னு கொஞ்சம் கற்பனை பண்ணுங்க. தார் ரோடு கிடையாது, கப்பி ரோடு. பெட்ரோல் பங்க் கிடையாது. பெட்ரோல் தகரங்களில் வரும். மெக்கானிக் என்று ஒரு ஜாதியே இன்னும் உருவாகவில்லை. ஒரு கியர் உடைந்தால் அது கப்பலில் வர வேண்டும். அதுவரை பஸ் நிற்கும், அதில் போட்ட பணமும் நிற்கும். ரோட்டில் உங்களோடு போட்டி போடுவது மாட்டு வண்டி. மாட்டு வண்டி மெதுவாகப் போகும், ஆனா பாருங்க, அது நடுவழியில் நிற்காது. மாடு பஞ்சர் ஆகாது. ஜனங்களுக்கு இது நல்லாத் தெரியும். கல்யாணத்துக்குப் போகிறவன், கோர்ட் வாய்தாவுக்குப் போகிறவன், பிரசவ வலியில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவள், இவர்களுக்கு வேகத்தை விட முக்கியம் போய்ச் சேருவோமா என்பதுதான்.

பஸ்ஸை யார் வேண்டுமானாலும் கடன் வாங்கி வாங்கலாம். போய்ச் சேரும் என்கிற நம்பிக்கையைக் கடையில் விற்க மாட்டார்கள். சுந்தரம் அய்யங்கார் அந்த இரண்டாவது சரக்கைத்தான் தயாரிக்க முடிவு செய்தார் என்பது என் கணிப்பு. அவர் பின்னால் செய்த எல்லாவற்றையும் அதை வைத்துப் பார்த்தால் கணக்கு சரியாக வருகிறது.

ஆணி விஷயத்தை எடுத்துக்கோங்க. மாட்டுக்கு லாடம் அடிப்பார்கள். நடக்க நடக்க லாடத்தின் ஆணி கழன்று ரோட்டில் விழும். ஆயிரம் மாடு நடக்கிற ரோட்டில் எத்தனை ஆணி கிடக்கும்? அத்தனையும் பஸ் டயருக்கு. பஞ்சர் ஆனால் பயணிகளை இறக்கி, ஜாக்கி போட்டு, டயரைக் கழற்றி, ஒட்டுப் போட்டு, கைப்பம்பில் காற்று அடித்து... முக்கால் மணி நேரம் போச்சு. மற்ற பஸ்காரர்கள் என்ன செய்தார்கள்? பஞ்சர் ஒட்டுவதில் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். இவருடைய கம்பெனி, பெரிய காந்தம் பொருத்திய வண்டி ஒன்றை பஸ் போகிற பாதையில் ஓட்டி ஆணிகளைப் பொறுக்கி எடுத்தது என்று மதுரைப் பக்கம் இன்றைக்கும் சொல்லுவார்கள்.

இந்தக் கதையை நான் முதலில் கேட்டபோது சிரிப்புதான் வந்தது. பிறகுதான் உறைத்தது. பஞ்சர் டயரின் கோளாறு என்று நினைத்தால் நல்ல டயர் வாங்குவீங்க. டிரைவரின் கோளாறு என்று நினைத்தால் டிரைவரைத் திட்டுவீங்க. அது ரோட்டின் கோளாறு என்று புரிந்துகொள்ள, பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து பார்க்க வேண்டும். ரோடு அவருடையதும் கிடையாது. சர்க்கார் ரோடு, மாடு யாரோ ஒருத்தருடையது, ஆணி லாடக்காரன் அடித்தது. என் வேலை இல்லை என்று சொல்ல மூன்று நல்ல காரணங்கள் கைவசம் இருந்தன. நம்ம புரொடக்‌ஷன் பேப்பரில் ரூட் காஸ் அனாலிசிஸ் என்று ஒரு யூனிட் வருமே, மீன் முள் மாதிரி படம் போட்டு அஞ்சு மார்க் வாங்குவோமே, அந்த யூனிட்டுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்து கடிகாரத்தில் நேரம் சரி செய்துகொள்ளலாம் என்பது மதுரைப் பெரியவர்கள் சொல்லி அலுக்காத இன்னொரு பேச்சு. உங்க தாத்தா மதுரை, திண்டுக்கல் பக்கம் என்றால் கேட்டுப் பாருங்க, கண்டிப்பாச் சொல்வார். கேட்க ஏதோ பெருமைப் பேச்சு மாதிரி இருக்கும். ஆனால் இன்ஜினியரிங் கண்ணோடு பாருங்க. ஒரு பஸ் சராசரியாகச் சரியான நேரத்துக்கு வருவது பெரிய விஷயம் இல்லை. ஒரு நாள் பத்து நிமிஷம் முன்னே, மறுநாள் பத்து நிமிஷம் பின்னே வந்தாலும் சராசரி சரியாகத்தான் இருக்கும். ஊரே கடிகாரத்தைத் திருத்துகிறது என்றால் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் ஒன்றிரண்டு நிமிஷத்துக்குள் அடங்கியிருக்கிறது என்று அர்த்தம். கப்பி ரோட்டில், இறக்குமதி எஞ்சினில், மாட்டு வண்டிகளுக்கு நடுவே. டிரைவர் வேகமாக ஓட்டினால் அது கிடைக்காது. ஷெட்டில் ராத்திரி என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கிடைக்கும். எந்த போல்ட் தளர்ந்திருக்கு, எந்த பெல்ட் தேய்ஞ்சிருக்கு, எந்த விளக்கு எரியலை என்று பஸ் கிளம்பும் முன்பே ஒரு ஆள் பார்த்திருக்க வேண்டும். அந்த ஆளுக்கு அதைப் பார்ப்பதற்குச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும். அதை விட முக்கியமாக, பழுது இருக்கு, இந்த பஸ் இன்னிக்குப் போகக் கூடாதுன்னு அவன் சொன்னால் முதலாளி அவன் மேல் பாயாமல் இருக்க வேண்டும்.

பஸ்ஸோடு நிற்கவில்லை. லாரிகள் வந்தன, சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் பெரிய போக்குவரத்துக் கம்பெனி ஆனது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் வண்டிகளை அசெம்பிள் செய்ய ஆரம்பித்தது. அந்தக் கம்பெனி வண்டிகளுக்கு இந்தியாவில் இருந்த மிகப் பெரிய விநியோகஸ்தர்களில் ஒருவராக டி.வி.எஸ். வளர்ந்தது. மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் என்று கிளைகள். வண்டி விற்பது, அதுக்கு பார்ட்ஸ் வைத்திருப்பது, சர்வீஸ் செய்வது, தேய்ந்த டயருக்கு மறுபடி ரப்பர் ஒட்டுவது. எல்லாமே ஒரே சங்கிலியின் கண்ணிகள்.

கண்ணாடி துடைக்கிற பேச்சில் ஆரம்பித்ததால் இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். அந்தக் கால செவர்லே வண்டிகளில் வைப்பருக்கு மோட்டார் கிடையாது தெரியுமா? எஞ்சினின் இன்டேக் மேனிஃபோல்டில் உண்டாகும் வாக்குவத்தை ஒரு ரப்பர் குழாய் வழியாக இழுத்து அதில்தான் வைப்பர் ஆடும். பின்னால் வந்த சில வண்டிகளில் கண்ணாடிக்குத் தண்ணீர் அடிப்பதும் அதே வாக்குவம்தான். சமவெளியில் பிரச்சினை இல்லை. மலை ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பீங்க, த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்கும், மேனிஃபோல்டில் வாக்குவம் செத்துப் போகும். மழை கொட்டுகிற ஏற்றத்தில், உங்களுக்கு வைப்பர் ரொம்பத் தேவைப்படுகிற அதே நிமிஷத்தில், அது அப்படியே நின்றுவிடும். டிரைவர் ஒரு விநாடி காலை எடுப்பார், வைப்பர் ஒரு தடவை ஆடும், மறுபடி மிதிப்பார். இப்படியே மலை ஏற வேண்டும். இப்போதும் அந்த மாதிரி வண்டி வைத்திருக்கிறவர்கள் வைப்பர் மெதுவாக ஆடுகிறது என்று வந்தால், மோட்டாரைத் தேடாதீங்க. அந்த ரப்பர் குழாயில் விரிசல் இருக்கான்னு பாருங்க. விரிசல் வழியாக எஞ்சினுக்குள் வேண்டாத காற்றும் போகும், ஐட்லிங்கும் கெட்டுப் போகும். ரெண்டு நோய், ஒரே குழாய்.

இனி அவர் வாழ்க்கையின் கஷ்டமான பகுதி. இதைப் பல கட்டுரைகள் ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன.

மகள் சௌந்தரம். 1904-ல் பிறந்தவர். அன்றைய வழக்கப்படி சின்ன வயதிலேயே கல்யாணம். கணவர் சௌந்தரராஜன் டாக்டர். பிளேக் நோய் பரவியபோது அது அவரையும் கொண்டுபோனது. இருபது வயதை ஒட்டிய விதவைப் பெண்ணுக்கு, அந்தச் சமூகத்தில், அந்த வருஷங்களில், என்ன காத்திருந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. வீட்டின் பின்கட்டும், ஒரு வேளைச் சாப்பாடும். சுந்தரம் அய்யங்காரின் வீடு அந்த வழியில் போகவில்லை. மகள் மறுபடி புத்தகத்தைக் கையில் எடுத்தார். டில்லியில் லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரி வரைக்கும் போய் டாக்டர் ஆனார். மதுரையிலிருந்து டில்லிக்கு ஒரு விதவை மகளை மெடிக்கல் படிக்க அனுப்பின அப்பாவுக்கு ஊர் வாய் என்ன பேசியிருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்க.

ஆனால் அவரை முற்போக்குச் சிலையாக்கிவிடவும் முடியாது. டில்லியில் சௌந்தரத்துக்கு சுசீலா நய்யார் தோழி ஆனார். அவர் மூலம் காந்தியின் வட்டம் அறிமுகமானது. அங்கே ஜி. ராமச்சந்திரன் என்ற காந்தியவாதி. இருவரும் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தார்கள். இந்த முறை வீடு ஒத்துக்கொள்ளவில்லை. விதவை மறுமணம், வேறு சாதி, ரெண்டும் சேர்ந்து வந்தது. காந்தி அவர்களை ஒரு வருஷம் பிரிந்து இருந்து பார்க்கச் சொன்னார். இருந்தார்கள். மனசு மாறவில்லை. 1940-ல் காந்தியின் முன்னிலையில் கல்யாணம் நடந்தது. ஒரு மனிதன் ஒரு வாசலைத் தானே திறந்துவிட்டு, அதற்கு அடுத்த வாசலில் குறுக்கே நின்றார் என்பதுதான் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்லணும்னு நினைக்கிறேன். 1947-ல் அந்தத் தம்பதி திண்டுக்கல் பக்கம், சின்னாளபட்டிக்கு அருகே தொடங்கியதுதான் காந்திகிராமம். மதுரையிலிருந்து திண்டுக்கல் வழியாகக் கொடைக்கானல் போகிறவர்கள் அதன் பக்கமாகத்தான் போகிறீங்க. அங்கே இருக்கும் கஸ்தூரிபா மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளில் சிலர் நம்ம காலேஜிலேயே படிக்கலாம்.

இதற்கு நடுவே உலகப் போர் வந்துவிட்டது. 1941-ல் பெட்ரோல் ரேஷன். 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. இந்தியாவுக்கு எண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்த பர்மா கிணறுகள் போயின. பஸ் கம்பெனிக்காரருக்கு இது எப்படி இருக்கும்? ஷெட்டில் பஸ் இருக்கு, டிரைவர் இருக்கார், பயணிகள் வரிசையில் நிற்கிறார்கள், டேங்க் காலி. அப்போது அவருக்கு அறுபத்தைந்தை ஒட்டிய வயது. அந்த வயதில் அவர் கம்பெனி கொண்டுவந்தது டி.வி.எஸ். கேஸ் பிளான்ட். அடுப்புக் கரியில் பஸ் ஓட்டும் கருவி.

இதன் சூத்திரம் நம்ம முதல் வருஷ கெமிஸ்ட்ரியில் இருக்கிறது. பஸ்ஸோடு ஒரு உயரமான இரும்பு உருளை. அதில் கரியைக் கொட்டிப் பற்ற வைப்பார்கள். காற்றைக் கொஞ்சமாக மட்டும் உள்ளே விட்டால், அடியில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு மேலே கனன்று கொண்டிருக்கும் கரி வழியாகப் போகும்போது கார்பன் மோனாக்சைடாக மாறும். அது எரியக்கூடிய வாயு. அதைக் குளிர வைத்து, வடிகட்டி, எஞ்சினுக்குள் விட்டால் எஞ்சின் ஓடும். ஆனால் அந்த வாயுவில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வந்த நைட்ரஜன். அது எரியாது, இடத்தை மட்டும் அடைக்கும். அதனால் பெட்ரோலில் கிடைக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடும். ஒரு லிட்டர் பெட்ரோல் செய்கிற வேலைக்குச் சுமார் ஒன்றரை கிலோ கரி. காலையில் ஸ்டார்ட் பண்ண வேண்டும் என்றால் அதற்கு முன்னாலேயே அடுப்பு மூட்டணும். கசிந்தால் ஆளைக் கொல்லும், வாசனையும் இருக்காது.

போர்க்காலத்தில் உலகம் முழுக்க இப்படிக் கரி வண்டிகள் ஓடின. ஸ்வீடனில், பிரான்ஸில், ஜெர்மனியில் லட்சக்கணக்கில் ஓடின. ஆகவே இது மதுரையின் தனிக் கண்டுபிடிப்பு என்று யாராவது ஃபார்வர்ட் அனுப்பினால் நம்பாதீங்க. விஷயம் வேற இடத்தில் இருக்கு. கேஸ் பிளான்ட்டின் பெரிய எதிரி சாம்பலும் தாரும். வடிகட்டியை ஒழுங்காகச் சுத்தம் செய்யாவிட்டால் சாம்பல் சிலிண்டருக்குள் போய் பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துவிடும். தார் வால்வில் ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் எஞ்சின் ஒரு வாரம் சோம்பேறித்தனத்தை மன்னிக்கும். கரி எஞ்சின் ஒரு நாள்கூட மன்னிக்காது. தினமும் சாம்பல் அள்ளணும், வடிகட்டி தட்டணும், ஜாயின்ட்டில் கசிவு பார்க்கணும். இந்த மாதிரிக் கருவியை யார் வேண்டுமானாலும் மாட்டலாம்; முப்பது வருஷமாக ராத்திரி ஷெட்டில் போல்ட் எண்ணிப் பழகின ஆட்கள் இருக்கிற கம்பெனியால்தான் அதை நம்பி டைம் டேபிள் போட முடியும்.

இறக்குமதி டயரும் கிடைக்காத காலம் அது. ரீட்ரெடிங் தொழிற்சாலை அப்போது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

போர் முடிந்தது, சுதந்திரம் வந்தது. தொழிலைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு அவர் ஒதுங்கினார். இது சின்ன விஷயமாகத் தெரியும். எத்தனை குடும்பக் கம்பெனிகளில் எண்பது வயதிலும் செக் புக்கை விடாத அப்பாக்கள் இருக்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும் அதன் கனம். ராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா என்று மகன்கள் ஆளுக்கொரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டார்கள். சந்தானம் 1954-ல் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ், லாரி வாங்க நினைக்கிற சாதாரண ஆளுக்குக் கடன் கொடுத்தது. அடுத்த வருஷம் கோடையில் அப்பா கொடைக்கானல் வீட்டில் காலமானார். வயது 78.

மதுரையின் டி.வி.எஸ். பஸ்கள் அவர் இறந்து இன்னும் பதினேழு வருஷம் ஓடின. பிறகு அரசு பஸ்களை நாட்டுடைமை ஆக்கியபோது, 1972-ல், அவை பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்குப் போயின. சரியா தப்பா என்று விவாதிக்க இது இடம் இல்லை. தனியார் பஸ் போகாத கிராமங்களுக்கு அரசு பஸ் போனது என்பதும் நிஜம், கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிற பேச்சு மெல்ல மெல்ல நின்றுபோனது என்பதும் நிஜம்.

பஸ் போன பிறகு குடும்பத்தின் கையில் இருந்தது பார்ட்ஸ். அவர் இருந்தபோது கப்பலுக்காகக் காத்திருந்த அதே பார்ட்ஸ். 1961-ல் இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனியோடு சேர்ந்து லூகாஸ்-டி.வி.எஸ்.; சென்னை பாடியில் ஸ்டார்ட்டர், டைனமோ, வைப்பர் மோட்டார். 1962-ல் சுந்தரம்-கிளேட்டன், ஏர் பிரேக். மலைப்பாதையில் லாரி இறங்கும்போது உஸ்ஸ் என்று ஒரு சத்தம் வருமே, அந்த வகை பிரேக். லூகாஸ் பற்றி கிளாசிக் கார்க்காரர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்க, ஜோசப் லூகாஸை இருட்டின் இளவரசன் என்று கிண்டல் செய்வார்கள். அவ்வளவு லைட்டுகள் நடு ரோட்டில் அணைந்திருக்கின்றன. பாதி லைட் அணைந்ததற்குக் காரணம், மேலே சொன்ன அதே துருப்பிடித்த எர்த் ஸ்க்ரூவாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

கடைசியாக ஒரு மூடி. 1990-களில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களுக்கு ரேடியேட்டர் மூடி எங்கிருந்து வாங்கியது தெரியுமா? சென்னையிலிருந்து. செய்து கொடுத்தது சுந்தரம் ஃபாஸ்னர்ஸ். அதை நடத்தியவர் சுந்தரம் அய்யங்காரின் பேரன் சுரேஷ் கிருஷ்ணா. தாத்தா யாருடைய வண்டிகளை வாங்கி விற்றாரோ, அவர்களுக்கே பேரன் மூடி விற்றார். மூடி என்றால் வெறும் மூடி இல்லை. ஒரு ஸ்பிரிங்கும் ஒரு ரப்பர் சீலும் சேர்ந்து உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். நல்ல மூடி இருந்தால் ரேடியேட்டருக்குள் அது நூறைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். ஸ்பிரிங் தளர்ந்துபோன மூடி என்றால் பாதி மலையிலேயே ஆவி கக்கும். எனவே அட்டுவம்பட்டிக்கு யாராவது பழைய வண்டியில் கிளம்புறீங்கன்னா, கீழே வத்தலக்குண்டுலேயே, எஞ்சின் ஆறினப்புறம், அந்த மூடியின் ரப்பரை ஒரு தடவை விரலால் தொட்டுப் பாருங்க. அப்படியே வாஷர் ஸ்விட்சையும் ஒரு தடவை அழுத்திடுங்க.